பெட்ரோலா, ஹைப்ரிடா, மின்காரா: ராத்திரி வண்டி எங்கே நிற்கும்?

கார் வாங்கப் போகிறேன் என்று யாராவது யோசனை கேட்டால், நான் பட்ஜெட்டைப் பிறகுதான் விசாரிப்பேன். ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவீர்கள், மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதுதான் முதலில். இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும். மூன்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. உங்கள் வீட்டுக்கு எது என்றால் சொல்லலாம்.

சென்னையில் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய், ஓட்டம் மாதம் 1,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நகர நெரிசலில் லிட்டருக்கு 15 கொடுக்கும் நடுத்தர எஸ்யூவிக்கு மாதம் 6,700 ரூபாய் பெட்ரோல் போடவேண்டும். அதே அளவு ஸ்ட்ராங் ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினோடு தனியாகவே வண்டியை நகர்த்தும் மோட்டாரும் உள்ள கார், 22 கொடுத்தால் 4,500 ரூபாய். மின்கார் ஒரு யூனிட்டுக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர் போகும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 160 யூனிட் ஆகும்.

அந்த 160 யூனிட்டுக்கு எவ்வளவு காசு என்பதில்தான் பலர் கணக்கைக் கோட்டைவிடுகிறார்கள். நம் ஊர் ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது, படிப்படியாக ஏறுவது. 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் இருந்த சலுகையும் குறையும். மேலே வரும் ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல். ஏற்கெனவே 450 யூனிட் ஓடும் வீட்டில் காரின் 320 யூனிட் சேர்ந்தால் 770. அப்போது காருக்காக மட்டும் கூடுவது மாதக் கணக்கில் 1,500 ரூபாயை ஒட்டி வரும். இரண்டு மூன்று ஏசி ஓடி, பில் ஆயிரம் யூனிட்டைத் தாண்டும் வீடு என்றால் 1,900 வரை போகும். முதல் 100 யூனிட் இலவசம் என்பதை வைத்துக்கொண்டு யாராவது மாதம் 500 ரூபாயில் கார் ஓட்டலாம் என்றால் நம்ப வேண்டாம். 1,500, 1,900 என்றே வைத்தாலும் பெட்ரோல் செலவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். இதை வேறு எந்த வண்டியாலும் தொட முடியாது.

ஆனால் இதெல்லாம் வீட்டு பிளக்கில் ஏற்றினால்தான். வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் இருபது ரூபாயை ஒட்டிப் போகிறது. முழுக்க அங்கேயே ஏற்றினால் மாதம் 3,200 ரூபாய். ஹைப்ரிடுக்கும் அதற்கும் வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சம்தான். அந்தக் காசுக்காக வாரத்தில் சில மணி நேரம் சார்ஜர் வாசலில் காத்திருப்பது என் பார்வையில் கட்டுப்படியாகாது. தெருவில் வண்டி நிறுத்துபவர்களுக்கு மின்கார் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

தனி வீடு என்றால் கவலை குறைவு. பழைய மூன்று மாடி ஃப்ளாட் என்றால் புக்கிங்குக்கு முன்பே எலெக்ட்ரீஷியனை அழைத்து வந்து காட்டுங்கள். உங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை தனி கேபிள், தனி எம்சிபி (கோளாறு வந்தால் தானாக அணையும் ஸ்விட்ச்), 15 ஆம்ப் பிளக், முக்கியமாக ஒழுங்கான எர்த். எர்த் சரியில்லை என்றால் பல சார்ஜர்கள் வேலையே செய்யாது. செய்தாலும் அப்படி ஏற்றக் கூடாது. அசோசியேஷன் அனுமதியை வாய்வார்த்தையாக விடாமல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செயலாளர் மாறினால் பேச்சும் மாறும். இந்த வேலை முடிந்துவிட்டால் 24 யூனிட் பேட்டரி உள்ள டாடா டியாகோ மாதிரி சின்ன மின்காருக்கு அந்த 15 ஆம்ப் பிளக்கே போதும். ராத்திரி போட்டால் காலையில் நிறைந்திருக்கும்.

ஹைப்ரிட் எதற்கு? நிறைய ஓட்டுகிறவர், ஆனால் பிளக் இல்லாதவர், அவருக்குத்தான். மின்காரின் பேட்டரி தண்ணீர்த்தொட்டி என்றால் ஹைப்ரிடினுடையது சொம்பு. டொயோட்டா ஹைரைடரிலும் மாருதி கிராண்ட் விட்டாராவிலும் ஒரு யூனிட்கூடத் தேறாது, 0.76தான். ஆனால் அந்தச் சொம்பு நிமிடத்துக்கு நிமிடம் நிறைந்து காலியாகிக்கொண்டே இருக்கும். சிக்னலில் பிரேக் பிடிக்கும்போது வீணாகும் வேகம் மின்சாரமாகி உள்ளே போகிறது. பச்சை விழுந்ததும் மோட்டார் அதை எடுத்து வண்டியை நகர்த்துகிறது, எஞ்சின் அணைந்தே இருக்கிறது. அதனால் ஓஎம்ஆர் மாதிரி நின்று நின்று போகும் சாலையில்தான் ஹைப்ரிடின் முழுப் பலன். ஒரே வேகத்தில் போகும் நெடுஞ்சாலையில் பெட்ரோல் வண்டியோடு இருக்கும் இடைவெளி குறைந்துவிடும். லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்று கம்பெனி சொல்வது சோதனைக்கூடக் கணக்கு, அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

மைல்டு ஹைப்ரிட் என்று விற்பது வேறு சாமான். அதில் மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்குமே தவிர, தனியாகச் சக்கரத்தைச் சுற்றாது. அதைப் பெட்ரோல் கார் என்றே எண்ணி விலை பேசுங்கள்.

விலைதான் ஹைப்ரிடின் சிக்கல். ஸ்ட்ராங் ஹைப்ரிட் எஸ்யூவிக்கு ஷோரூம் விலையே பதினாறு லட்சத்துக்கு மேல். பெட்ரோல் மாடலைவிட மூன்று லட்சம் கூட என்றால், மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது திரும்பி வரப் பதினொரு வருடத்துக்கு மேலாகும். 2,000 ஓட்டினால் ஆறு வருடத்துக்குள். 2025 செப்டம்பர் 22 முதல் மின்காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், சின்ன பெட்ரோல் காருக்கு 18, இந்த ஹைப்ரிடுகளுக்கு 40. பெட்ரோலை மூன்றில் ஒரு பங்கு மிச்சப்படுத்தும் வண்டிக்குப் பெரிய பெட்ரோல் எஸ்யூவிக்குச் சமமான வரி போடுவது நியாயமாக எனக்குப் படவில்லை.

மாதம் 300, 400 கிலோமீட்டர்தான் ஓட்டுவீர்களா? கோயில், கல்யாணம், எப்போதாவது ஊர்ப் பயணம், அவ்வளவுதானா? சின்ன பெட்ரோல் காரே போதும். மாதம் இரண்டாயிரம் ரூபாய் செலவில் மிச்சம்பிடிக்க லட்சக்கணக்கில் முன்பணம் போடுவதில் அர்த்தமில்லை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் சக்தி குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் அது இ20க்கு ஏற்றதா என்று மேனுவலில் பார்த்துவிடுங்கள்.

நீண்ட பயணம் பற்றிய பயம் பாதி உண்மை. 45 யூனிட் பேட்டரி வண்டியில் ஏசி போட்டு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனால், சென்னையிலிருந்து சுமார் 330 கிலோமீட்டரில் இருக்கும் திருச்சிக்கு வழியில் ஒருமுறை ஏற்றித்தான் ஆகவேண்டும். சாதாரண நாளில் உளுந்தூர்பேட்டைப் பக்கம் சாப்பிடும் நேரத்தில் அது முடிந்துவிடும். பொங்கலுக்கு முந்தின நாள் கதை வேறு: நமக்கு முன்னால் மூன்று வண்டி நின்றால் இரண்டு மணி நேரம் போய்விடும். வருடத்தில் இரண்டு பயணத்துக்காக மீதி நாள் முழுக்கப் பெட்ரோல் காசு கொடுப்பதா என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். ரயில் டிக்கெட்டும் ஒரு வழிதான்.

அப்புறம், வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. பெட்ரோல், ஹைப்ரிட் இரண்டிலும் காற்றுக்குழாய் வழியே தண்ணீர் எஞ்சினுக்குள் போனால் கதை முடிந்தது. நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தால் சேதம் இன்னும் பெரிதாகும். மின்காரில் அந்தக் குழாயே இல்லை, பேட்டரிப் பெட்டியும் நீர் புகாதபடி மூடப்பட்டதுதான். அதற்காக முங்கிக் கிடந்த மின்காரைச் சார்ஜில் போடக் கூடாது, சர்வீஸில் காட்டிவிட்டுத்தான் தொடவேண்டும். எது வாங்கினாலும் இன்சூரன்ஸில் அதற்கான கூடுதல் பாதுகாப்பைக் கேட்டு எடுங்கள்: எஞ்சின் உள்ளதற்கு எஞ்சின் புரொடெக்ட், மின்காருக்கு பேட்டரி கவர். பாலிசியில் அது அச்சாகியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.