மன்னிப்பா, மறுப்பா, அடக்கி வாசிப்பதா? கேஎஃப்சி, யுனைடெட், மேகி

ஒரு நிறுவனத்தின் மானம் இணையத்தில் கப்பலேறும்போது அதன் முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள்தான். உடனே மன்னிப்புக் கேட்கலாம். தன் ஆட்களை விட்டுக்கொடுக்காமல் மறுக்கலாம். ஆய்வு முடிவு வரட்டும் என்று அடக்கி வாசிக்கலாம். மூன்றுக்கும் நல்ல உதாரணங்கள் உண்டு. மன்னிப்புதான் எப்போதும் சரி என்று பிஆர் (மக்கள் தொடர்பு) வகுப்புகளில் சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை.

மறுப்பை முதலில் முடித்துவிடலாம். 2017 ஏப்ரல் 9, சிகாகோ. லூயிவில் நகரத்துக்குக் கிளம்பவிருந்த யுனைடெட் விமானத்தில் நான்கு ஊழியர்களுக்கு இடம் தேவைப்பட்டது. இறங்க மறுத்த ஒரு பயணியை விமான நிலையப் பாதுகாப்பு அதிகாரிகள் தரதரவென்று இழுத்துச் சென்றார்கள். முகத்தில் ரத்தம், சுற்றிலும் செல்போன் கேமராக்கள். மறுநாள் தலைமைச் செயல் அதிகாரி ஆஸ்கர் முனோஸ் விட்ட அறிக்கை, பயணிகளுக்கு மாற்று ஏற்பாடு செய்ய நேர்ந்ததற்காக வருந்தியது. ஊழியர்களுக்கு அவர் எழுதிய மின்னஞ்சலோ பயணிதான் தகராறு செய்தார் என்றது. அதுவும் வெளியே கசிந்தது. 11ஆம் தேதி முழு மன்னிப்பு வந்தது, ஆனால் யாரும் அதை நம்பவில்லை. சிறந்த தகவல் தொடர்பாளர் என்று மக்கள் தொடர்புத் துறைப் பத்திரிகையான பிஆர்வீக் முனோஸைத் தேர்ந்தெடுத்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது! உலகமே பார்த்த காணொளியை மறுத்து அறிக்கை எழுதினால் யாருக்கும் இதுதான் கதி.

கேஎஃப்சி கதை வேறு. 2018 பிப்ரவரியில் பிரிட்டனில் விநியோகப் பொறுப்பை டிஎச்எல் நிறுவனத்துக்கு மாற்றினார்கள். ரக்பி என்ற ஊரில் இருந்த ஒரே கிடங்கு திணறியது. சுமார் 900 கடைகளில் பாதிக்கு மேல் கோழி இல்லாமல் மூடிக்கிடந்தன. கேஎஃப்சி திறக்கவில்லை என்று எங்களைக் கூப்பிடாதீர்கள் எனப் போலீஸே ட்வீட் போட வேண்டியதாயிற்று. புது விநியோக நிறுவனத்துக்குத் தொடக்கத்தில் சில சிக்கல்கள் என்று கேஎஃப்சியின் முதல் பதிவு லேசாகக் கைகாட்டத்தான் செய்தது. அடுத்து வந்த முழுப்பக்க விளம்பரத்தில் அந்தப் பேச்சே இல்லை. காலி வாளி ஒன்று. அதன்மேல் நிறுவனத்தின் மூன்று எழுத்துகளும் இடம் மாறி, கிட்டத்தட்ட ஒரு கெட்ட வார்த்தையாக. கீழே நேரடியான மன்னிப்பு, ஊழியர்களுக்கு நன்றி. திட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

இதைப் பார்த்துவிட்டு எல்லோரும் குறும்பாக மன்னிப்புக் கேட்கக் கிளம்பினால் ஆபத்து. அங்கே யாருக்கும் காயமில்லை, யாரும் ஏமாற்றப்படவில்லை. பசியோடு திரும்பிப் போனார்கள், அவ்வளவுதான். என்ன நடந்தது என்பதிலும் சந்தேகம் இல்லை. யுனைடெட் அந்தத் தொனியில் பேசியிருந்தால் கல்லெறிதான் கிடைத்திருக்கும்.

மேகிதான் உண்மையிலேயே சிக்கலான வழக்கு. உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் எடுத்த மாதிரியில் ஈயம் 17.2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 17.2 பங்கு) இருப்பதாகக் கொல்கத்தா ஆய்வகம் சொன்னது. அனுமதித்த அளவு 2.5. மேகியைத் தயாரிக்கும் நெஸ்லே தன் சொந்தச் சோதனைகளில் அப்படி எதுவும் காணவில்லை. செய்யாத தப்புக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? கேட்டிருந்தால் குழந்தைகளுக்கு ஈயம் ஊட்டியதை ஒப்புக்கொண்டதாகியிருக்கும். ஆகவே நிறுவனம் மறுத்த அளவில் நியாயம் இருந்தது. பேசிய விதம்தான் கெடுத்தது: மேகி பாதுகாப்பானது என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்த இடைவெளியில் மீம்களும் வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளும் புகுந்து விளையாடின. 2015 ஜூன் 4 அன்று தமிழ்நாடு மூன்று மாதத் தடை போட்டது. மறுநாள் நாடு முழுக்கத் தடை. 30,000 டன்னுக்கும் மேற்பட்ட நூடுல்ஸ் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிக்கப் போனது.

ஆகஸ்ட் 13 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்து, மொகாலி, ஹைதராபாத், ஜெய்ப்பூர் ஆய்வகங்களில் மறுசோதனைக்கு உத்தரவிட்டது. மூன்றிலும் மேகி தேறியது; நவம்பரில் கடைக்குத் திரும்பி, மறுபடி முதலிடம் பிடித்தது. அடக்கி வாசித்தது ஜெயித்துவிட்டதே என்று சிலர் இதைக் காட்டுவார்கள். வீட்டு அலமாரியில் முப்பது வருடம் இடம்பிடித்திருந்த பண்டம் என்பதால் மக்கள் காத்திருந்தார்கள். நேற்று முளைத்த பிராண்டாக இருந்தால் ஐந்து மாதத்தில் ஆளே இருந்திருக்காது.

என் தேர்வு கலவையானது. எல்லோரும் கண்ணால் பார்த்த தப்புக்கு அன்றே மன்னிப்பு. ஆய்வகத்தில் முடிவாக வேண்டியதற்கு மறுப்பு, ஆனால் தினமும், சோதனைத் தாள்களைப் பொதுவில் வைத்துவிட்டு. மேகியில் இரண்டும் கலந்து கிடந்தன. ஈயம் விவாதத்துக்குரியது, பாக்கெட்டில் அச்சிட்டிருந்த ‘எம்எஸ்ஜி (அஜினோமோட்டோ என்கிற சுவைகூட்டி) சேர்க்கப்படவில்லை’ என்ற வரியோ யாரும் படித்துப் பார்க்கக் கூடியது. அந்த அஜினோமோட்டோ வாசகத்தை எடுத்துவிடுகிறோம் என்று நெஸ்லேயின் உலகத் தலைவர் பால் பல்கே டெல்லியில் அறிவித்தார். நாடு தழுவிய தடை வந்த அதே ஜூன் 5 அன்று.