கப்பலைச் சுற்றிவர ஆறு நிமிடம்: ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் ‘ஸ்டார் ட்ரெக்’ இசைத்தொகுப்பு

ராபர்ட் வைஸ் இயக்கி 1979 டிசம்பரில் வெளிவந்த ‘ஸ்டார் ட்ரெக்: தி மோஷன் பிக்சர்’ படத்தைப் பற்றி அன்றிலிருந்து இன்றுவரை சொல்லப்படும் முதல் குறை, அது மிக மெதுவாக நகர்கிறது என்பதுதான். குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் வசனம் இல்லாமல் நீளும் அந்தக் காட்சிகள்தாம் இசையமைப்பாளர் ஜெர்ரி கோல்ட்ஸ்மித்துக்கு, திரையிசையில் எளிதில் கிடைக்காத ஒரு வசதியைக் கொடுத்தன. பேச்சுக்கும் வெடிச்சத்தத்துக்கும் இடம் விட்டு ஒதுங்கி ஒலிக்க வேண்டிய நெருக்கடி இல்லாததால், ஒரு மெட்டைத் தொடங்கி, வளர்த்து, முழுமையாக்கி முடிக்க அவருக்கு நேரம் இருந்தது. எனவே இந்தத் தொகுப்பைப் படத்தின் நினைவுக்காக வாங்க வேண்டும் என்பதில்லை. படத்தையே பார்க்காத ஒருவரும் நாற்பது நிமிடம் ஒதுக்கி உட்கார்ந்து கேட்கத் தகுந்த ஆர்க்கெஸ்ட்ரா இசை இது.

தொகுப்பின் உச்சம் ‘தி எண்டர்பிரைஸ்’ என்ற பகுதி. புதுப்பிக்கப்பட்டு நிற்கும் எண்டர்பிரைஸ் என்ற விண்கப்பலை அதன் கேப்டன் கிர்க் ஒரு சிறு வாகனத்தில் சுற்றி வந்து பார்க்கிறார். காட்சியில் நடப்பது அவ்வளவே. அதற்கு ஏறத்தாழ ஆறு நிமிட இசை. முதலில் மெட்டு முழுதாக வருவதில்லை. ஹார்ன்களில் அதன் தலைப்பகுதி மட்டும் கேட்கிறது, வயலின்கள் அதை வாங்கிச் சற்று உயர்த்துகின்றன, வந்துவிடும் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில் சுருதி மாறி மீண்டும் அடங்கிவிடுகிறது. கப்பலின் முகப்பு நேருக்கு நேராகத் தெரியும் தருணத்தில்தான் ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் சேர்ந்து மெட்டைத் திறந்து வைக்கிறது. இவ்வளவு காத்திருக்க வைத்த பிறகு வருவதால், அதற்குள் டைட்டில் இசையில் ஒருமுறை கேட்டுவிட்ட அதே மெட்டு, இங்கே இன்னொரு பெருமிதத்தோடு நெஞ்சில் இறங்குகிறது. ஓர் இயந்திரத்தின் மீது மனிதனுக்கு வரும் பாசத்தை, இதைவிடக் கண்ணியமாகச் சொன்ன திரையிசை எதையும் நான் கேட்டதில்லை.

இந்தப் பகுதி முதல் முயற்சியில் கிடைத்ததன்று. கோல்ட்ஸ்மித் இதே காட்சிக்கு முதலில் எழுதிப் பதிவு செய்த இசையை வைஸ் ஏற்கவில்லை. பாய்மரக் கப்பல்களை நினைவூட்டுவதாக அது இருந்தது, பற்றிக்கொள்ள ஒரு மெட்டும் இல்லை என்பது இயக்குநரின் கருத்து. இசையமைப்பாளருக்கு அப்போது மனம் வருந்தினாலும், திரும்பிப் போய் எழுதிக்கொண்டு வந்ததுதான் இன்று உலகம் அறிந்த அந்த அணிவகுப்பு மெட்டு. வெளியீட்டுத் தேதியோ மாற்ற முடியாதபடி குறிக்கப்பட்டிருந்தது. படம் திரைக்கு வரச் சில நாட்கள் இருக்கும்வரை ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்தது. அவசரத்தில் சில சிறு பகுதிகளுக்கு அலெக்சாண்டர் கரேஜும் ஃபிரெட் ஸ்டைனரும் கை கொடுத்தனர். கரேஜ்தான் 1960களில் வந்த மூலத் தொலைக்காட்சித் தொடரின் தொடக்க இசையை அமைத்தவர். ஒதுக்கப்பட்ட அந்த முதல் வடிவம் 2012இல் லா-லா லேண்ட் நிறுவனம் வெளியிட்ட மூன்று குறுந்தகடுகள் கொண்ட பதிப்பில் இடம்பெற்றிருக்கிறது. அதுவும் திறமையான இசைதான். எந்தத் திரையிசையமைப்பாளரும் பெருமையோடு காட்டக்கூடியது. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், வைஸ் சொன்னது எவ்வளவு சரி என்று புரிகிறது. முதலாவதில் அலையும் காற்றும் இருக்கின்றன. மனத்தில் தங்குவதற்கு ஒன்றும் இல்லை.

தொகுப்பைத் திறக்கும் ‘மெயின் டைட்டில்’ பகுதியை விவரிக்கத் தேவையில்லை. 1987இல் தொடங்கிய ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொலைக்காட்சித் தொடருக்கு இதே மெட்டு எடுத்துக்கொள்ளப்பட்டதால், படத்தின் பெயர்கூடத் தெரியாதவர்கள் பலருக்கு இது பழகிய ஒலி. அதோடு ஒரே தடமாகச் சேர்ந்து வரும், கிளிங்கான் என்ற வேற்றுக்கிரகப் போர்வீரர்களின் போர்க் காட்சி இசைதான் நின்று கவனிக்க வேண்டியது. கம்பீரமான அணிவகுப்பு முடிந்ததும், மரத்தையும் மூங்கிலையும் தட்டுவது போன்ற வறண்ட தாளம் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுகிறது. அதன்மேல் பித்தளை ஊதுகருவிகள் ஐந்தாம் சுர இடைவெளியில் (நம் ச–ப போல) ஒரு முரட்டு அழைப்பை விடுக்கின்றன. இனிமை சேர்க்கும் சுரங்களை வேண்டுமென்றே விலக்கி வைத்திருப்பதால், அந்த அழைப்பு மிகப் பழமையானதாகக் கேட்கிறது. எங்கள் சோமனூர்ப் பக்கத்தில் மாரியம்மன் நோம்பி என்றால் ஜமாப் என்ற மேளமும் கொம்பும் இல்லாமல் நடக்காது. நோம்பிக்கு நோம்பி ஜமாப் அடிக்கும் என் பெரியப்பா மகனுக்கு இந்தத் தடத்தைப் போட்டுக் காட்டினேன். மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ரா அவருக்குப் பழக்கமில்லை. கண்ணை மூடிக் கேட்டு முடித்துவிட்டு, “அடிச்சதே நாலு அடிதான் கண்ணு, அதுக்கே வயித்துல என்னமோ பண்ணுது. அந்த ஊதறவங்க எப்பத்தான் மூச்சு வாங்குவாங்க?” என்று கேட்டார். அவர் சொன்னது, கேட்டது இரண்டுமே இந்த இசையின் மையத்தைத் தொட்டவை. தாளக்கருவிகளைக் குவித்துக் காதை நிரப்பாமல், அடிக்கும் அடிக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தைக் கொண்டே கோல்ட்ஸ்மித் அச்சத்தை உண்டாக்குகிறார். ஊதுகருவிக் குழுவில் ஒருவர் மூச்சு விடும் இடத்தில் இன்னொருவர் சுரத்தைத் தாங்கிப் பிடிப்பதால், கேட்பவருக்கு இடைவெளி தெரிவதில்லை. தொண்ணூறு பேருக்கு மேல் அமர்ந்து வாசித்த ஆர்க்கெஸ்ட்ராவின் பலன் இத்தகைய இடங்களில்தான் தெரிகிறது.

பூமியை நோக்கி வரும் ‘வீஜர்’ என்ற பிரம்மாண்டமான வேற்றுப்பொருளுக்கு ஒரு தனிக் குரல் தேவைப்பட்டது. அதற்குக் கிடைத்த கருவி பிளாஸ்டர் பீம். 12 முதல் 18 அடி நீளமுள்ள உலோகத் தூலத்தில் பல கம்பிகளை இழுத்துக் கட்டி, அவற்றுக்கு அடியில் மின்சார கிட்டாரில் இருப்பது போன்ற, கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும், நகர்த்தக்கூடிய காந்தப் பிக்கப்புகளைப் பொருத்தியிருப்பார்கள். கம்பியைச் சுண்டலாம், தேய்க்கலாம், உலோகக் குழலால் அடிக்கலாம். பிக்கப்பின் இடத்துக்கு ஏற்ப ஒலியின் நிறம் மாறும். கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இதன் அமைப்பைச் சொன்னால் உடனே விளங்கிவிடும். அதிலிருந்து எழும் ஒலிதான் எவரையும் திடுக்கிட வைக்கும். அடிவயிற்றிலிருந்து உறுமிக் கிளம்பி, தேய்ந்து தேய்ந்து நெடுந்தூரம் போகும் ஒலி அது. இதை வாசித்த கிரெய்க் ஹக்ஸ்லி, சிறுவனாக இருந்தபோது மூலத் தொடரிலேயே நடித்தவர். ‘வீஜர் ஃப்ளைஓவர்’ தடத்தில் இந்த உறுமலோடு, பெரிய குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் பைப் ஆர்கனும் சேர்கிறது. ஆர்கன் வசதியுள்ள ஒலிப்பதிவுக்கூடம் வேண்டும் என்பதற்காகவே ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் கூடத்தில் பதிவு செய்தார்கள். மின்னணு ஒலியையும் ஆர்கனையும் வைத்து விண்வெளியைக் காட்டுவது பின்னாளில் பலருக்கு எளிய வழியாகிவிட்டது. இங்கே அவை ஆர்க்கெஸ்ட்ராவின் உறுப்பினர்களாகவே நடத்தப்படுகின்றன. அவற்றுக்குரிய சுரங்கள் எழுதப்பட்டிருக்கின்றன, அவற்றுக்குப் பதில் சொல்ல வயலின்களும் ஹார்ப்பும் காத்திருக்கின்றன. இதே 1979இல்தான் கோல்ட்ஸ்மித் ‘ஏலியன்’ படத்துக்கும் இசையமைத்தார் என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. அங்கே விண்வெளி என்றால் பயம் மட்டுமே. இங்கே பயத்தை மீறிய வியப்பு.

‘இலியாஸ் தீம்’ தொகுப்பில் இளைப்பாறும் இடம். மும்பையில் பிறந்து 1965இல் மிஸ் இந்தியா ஆன பெர்சிஸ் கம்பாட்டா நடித்த இலியா என்ற பாத்திரத்துக்கான மெட்டு இது. திரையரங்கில் படம் தொடங்குவதற்கு முன் முன்னிசையாக ஒலித்தது. அழகானதுதான், ஆனால் தனியாகக் கேட்கும்போது அந்தக் காலத்துக் காதல் படங்களின் சாயல் சற்று மிகுதி. அதே மெட்டு ‘தி மெல்ட்’ பகுதியில் ஆர்கனோடும் முழு ஆர்க்கெஸ்ட்ராவோடும் திரும்பி வந்து படிப்படியாக ஏறும்போதுதான் அதன் உண்மையான உயரம் தெரிகிறது.

இனி எந்தப் பதிப்பை வாங்குவது என்பது. 1979இல் கொலம்பியா வெளியிட்ட இசைத்தட்டில் ஒன்பது தடங்கள். நல்ல தேர்வு, வரிசையில்தான் எனக்கு உடன்பாடில்லை. கப்பல் துறையை விட்டுப் புறப்படும் ‘லீவிங் ட்ரைடாக்’ இரண்டாவதாகவும், கப்பலை முதன்முதலில் பார்க்கும் ‘தி எண்டர்பிரைஸ்’ நான்காவதாகவும் வைக்கப்பட்டிருக்கின்றன. காத்திருந்து பெற வேண்டிய பூரிப்பை முன்கூட்டியே செலவழித்துவிடும் வரிசை இது. இசைத்தட்டில் கேட்பவர் இதைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும். குறுந்தகட்டிலோ கைபேசியிலோ கேட்பவர் இவ்விரண்டு தடங்களை இடம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். படத்தின் இருபதாம் ஆண்டையொட்டி வந்த இரட்டைக் குறுந்தகட்டில் இசை ஏறத்தாழ 65 நிமிடமாக நீண்டது. ‘ஸ்பாக்ஸ் அரைவல்’ போன்ற அருமையான சிறு பகுதிகள் சேர்ந்தன, வரிசையும் சீரானது. அதன் இரண்டாம் தகடு தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் உரையாடல் பதிவு. இசைக்காக வாங்குபவருக்கு அதனால் பயனில்லை. 2012ஆம் ஆண்டுப் பதிப்பு முழுமையானது. ஆனால் ஒரே காட்சிக்கான மாற்று வடிவங்களை வரிசையாகக் கேட்கப் பொறுமையும் ஆர்வமும் வேண்டும். முதன்முறை கேட்பவருக்கு 65 நிமிடப் பதிப்பையே நான் பரிந்துரைப்பேன்.

அந்த ஆண்டு ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டும் விருது ‘எ லிட்டில் ரொமான்ஸ்’ படத்துக்காக ஜார்ஜ் டெலரூவுக்குப் போனது. டெலரூ பெரிய கலைஞர். ஆயினும் அந்த முடிவை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. கோல்ட்ஸ்மித்துக்குத் தம் வாழ்நாளில் கிடைத்த ஒரே ஆஸ்கர் ‘தி ஓமன்’ படத்துக்கானது.

கேட்கும் முறை பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மெல்லிய இடங்களுக்கும் பெருமுழக்கத்துக்கும் இடையே இந்த ஒலிப்பதிவில் மிகப் பெரிய இடைவெளி இருக்கிறது. ‘தி கிளவுட்’ தொடங்கும் அளவுக்கு ஒலியைக் கூட்டி வைத்தால் கிளிங்கான் பகுதி வீட்டையே அதிர வைக்கும். சோமனூர், பல்லடம் போல இரவும் பகலும் விசைத்தறி ஓடும் ஊர்களில் இருப்பவர்கள், தறி நிற்கும் ஞாயிற்றுக்கிழமையில் இதைப் போடுவது நல்லது. மற்ற நாட்களில் காதை மூடிக்கொள்ளும் ஹெட்ஃபோன்தான் வழி. கைபேசியின் ஸ்பீக்கரிலும் சிறிய புளூடூத் பெட்டிகளிலும் ஆர்கனின் அடிச்சுரங்கள் வெளிவருவதே இல்லை, பிளாஸ்டர் பீம் வெறும் கரகரப்பாகச் சுருங்கிவிடுகிறது. வீட்டில் பழைய ஆம்ப்ளிஃபையரும் எட்டு அங்குல ஸ்பீக்கர் பெட்டிகளும் இருந்தால், தூசி தட்டி அவற்றிலேயே கேளுங்கள்.