எஞ்சின் உள்ள பாக்குற கேமரா லேப்டாப்ல ஓடும்னு சொல்லி 5,298 ரூபாயை உருவிட்டானுங்க, மீன்பிடி போட்டு மெக்கானிக்குங்க கவனம்

கோபத்துல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. 5,298 ரூபா போச்சு. இதெல்லாம் ஒரு காசான்னு நினைக்கிறவங்க மீன்பிடித் தடைக்காலத்துல ராமேஸ்வரம் பக்கத்துல இருக்குற மண்டபம் ஊருக்கு வந்து பாருங்க, வேலை மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும், ஆனா ஓனருங்க காசு குடுக்குறது போட்டு திரும்ப கடலுக்குப் போய் ரெண்டு பாடு மீன் பட்ட பிறகுதான், அதுவரைக்கும் ஸ்பேர் வாங்குறதுல இருந்து ஹெல்பர் பையனுக்கு சாப்பாடு வரைக்கும் நம்ம கையில இருந்துதான் ஓடும். அந்த நேரம் பாத்து 5,298 போனா எப்படி இருக்கும். இந்த மாதிரி கேமரா வாங்குறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்னு கடைசில விவரமா எழுதுறேன், முதல்ல நடந்ததைக் கேளுங்க.

நான் போட்டு எஞ்சின் மெக்கானிக். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடை, அப்பதான் எங்களுக்கு எஞ்சின் வேலையே. ஒரு எஞ்சின் புகை அடிக்குது, இழுவை இல்ல, ஆயில் குடிக்குதுன்னு ஓனர் சொல்வாரு. பிஸ்டன் ஓடுற குழாய், அதான் லைனர், அதுல கோடு விழுந்திருக்கா, ரிங் போயிருச்சா, வால்வு சீட்டு எரிஞ்சிருக்கான்னு பாக்கணும்னா எஞ்சினோட மேல் மூடி, அதான் ஹெட்டைக் கழட்டணும். கழட்டினா கேஸ்கெட் புதுசு போடணும், ரெண்டு ஆள் கூலி, ஒரு நாள் காலி. கழட்டிப் பாத்து உள்ள ஒண்ணும் இல்லைன்னா அந்தச் செலவுக்கு ஓனர்ட்ட யாரு பதில் சொல்றது. இதுக்குத்தான் இந்த இன்ஸ்பெக்ஷன் கேமரா. இன்ஜெக்டரை மட்டும் உருவிட்டு அந்த ஓட்டை வழியா 5.5 எம்எம் தலை உள்ள ஒயரை விட்டா பிஸ்டன் தலை, லைனர் சுவரு எல்லாம் தெரியும். கூலர் டியூப்புல உப்பு எவ்வளவு கட்டியிருக்குன்னும் பாத்துக்கலாம். ராமநாதபுரம் டவுன்ல கார் வேலை பாக்குற தம்பி ஒருத்தன்ட்ட இருக்கு, அவன் வச்சிருக்குறதைப் பாத்துத்தான் எனக்கும் ஆசை.

எனக்கு போன்ல பாத்தா பத்தாது, லேப்டாப்ல வேணும். லைனர்ல விழுற கோடு முடி மாதிரி இருக்கும், போன் ஸ்கிரீன்ல கண்ணைச் சுருக்கிப் பாக்கணும், அதுவும் ஓனர், ஓனரோட மச்சான், பக்கத்து போட்டு டிரைவர்னு நாலு பேரு சுத்தி நின்னு எட்டிப் பாப்பாங்க. லேப்டாப்புன்னா டெக் மேல வச்சு எல்லாருக்கும் காட்டலாம், வீடியோவா சேவ் பண்ணி வச்சு அடுத்த வருஷ தடைக்காலத்துல ஒப்பிட்டும் பாக்கலாம். "நீ செலவு வைக்கத்தான் சொல்ற"ங்குற பேச்சுக்கும் அதோட முடிவு. வீட்ல அக்கா பையனுக்கு ஸ்கூல்ல குடுத்த கவர்மெண்ட் லேப்டாப் இருக்கு, அதை எடுத்துக்கிட்டேன்.

அப்பதான் போன்ல ஒரு விளம்பர வீடியோ வந்துச்சு. பெரிய ஷாப்பிங் ஆப் எதுவும் இல்ல, ரீல்ஸ் மாதிரி வீடியோ போட்டு வாட்ஸ்அப் நம்பர் குடுத்து சாமான் விக்கிற பேஜு. வீடியோல ஒரு லேப்டாப், அதுல ஒரு எஞ்சினோட உள்பக்கம் பளிச்சுன்னு தெரியுது, ஒயரைத் திருப்பத் திருப்ப படமும் திரும்புது. "மொபைல், லேப்டாப் எல்லாத்துலயும் ஓடும், தண்ணிக்குள்ள விட்டு ப்ரொப்பெல்லர் கூட பாக்கலாம்"னு பேசுறான். விலை 4,299. அடிமாட்டு விலைக்கு ஆசைப்பட்டு விழுந்தான்னு யாரும் சொல்லிடாதீங்க, இதே மாதிரி சாமான் ஆயிரம் ரெண்டாயிரத்துக்கே ஆன்லைன்ல கிடக்கு, கூட காசு போனாலும் பரவாயில்ல லேப்டாப்ல கண்டிப்பா ஓடணும்னுதான் இதைப் புடிச்சேன்.

சும்மா ஆர்டரும் போடல. போன் போட்டுக் கேட்டேன். எடுத்த பையன் நல்லா பேசினான், இப்ப நினைச்சாலும் அதுதான் எரியுது. "எந்த ஊருண்ணே"ன்னான், மண்டபம்னேன், "அட நம்ம ராம்நாடு பக்கமா, எங்க சின்னம்மாவ தங்கச்சிமடத்துலதான்ணே கட்டிக் குடுத்துருக்கு"ன்னான். அப்புறம் என்ன எஞ்சின், எத்தனை சிலிண்டருன்னு கேட்டான், லேலண்டுன்னதும் "லேலண்டுக்கு இது சூப்பரா போகும்ணே, உங்களை மாதிரி நாகப்பட்டினத்துல ஒரு மெக்கானிக் அண்ணன் வாங்கி டெய்லி யூஸ் பண்றாரு"ன்னு ஒரே அள்ளு. நான் ஒண்ணே ஒண்ணுதான் திருப்பித் திருப்பிக் கேட்டேன், தம்பி எனக்கு லேப்டாப்ல ஓடணும், போன்ல ஓடுறது வேண்டாம், லேப்டாப்ல ஓடுமா ஓடாதா. "ஒயரை சொருகுனா படம் வரும்ணே, அவ்வளவுதான், ஓடலைன்னா நானே காசைத் திருப்பி அனுப்புறேன், அண்ணனை ஏமாத்துவேனா"ன்னான். வாய்ஸ் மெசேஜும் போட்டான், அது இன்னமும் என் போன்ல இருக்கு. சின்னம்மா ஊரு வரைக்கும் சொல்றவன்ட்ட இதுக்கு மேல என்ன கேக்குறது சொல்லுங்க.

கேஷ் ஆன் டெலிவரி. கூரியர் தம்பி காசு குடுத்தாதான் டப்பாவைத் தருவேன்னான், பிரிச்சுக் காட்டுறது அவன் வேலை இல்ல, அவனைக் குறை சொல்லல. 4,299 எண்ணிக் குடுத்தேன். டப்பா மேல கம்பெனி பேர் இல்ல, எம்ஆர்பி இல்ல, யாரு இறக்குமதி பண்ணாங்கன்னு அட்ரஸ் இல்ல, பில்லும் இல்ல. உள்ள கேமரா ஒயரு, கொக்கி, காந்தம், குட்டிக் கண்ணாடி, அதோட தீப்பெட்டி சைஸுக்கு கொஞ்சம் பெருசா ஒரு கருப்பு டப்பி. கேமரா ஒயரு அந்த டப்பிக்குள்ள போகுது. டப்பில இருந்து ஒரு யுஎஸ்பி ஒயரு. சரி இதைத்தான் லேப்டாப்ல சொருகணும் போலன்னு சொருகினேன். டப்பில சிவப்பு லைட் எரிஞ்சுச்சு, லேப்டாப்ல ஒண்ணும் வரல. பென் டிரைவ் சொருகுனா ஒரு சத்தம் வரும்ல, அந்தச் சத்தம் கூட வரல. அந்த ஒயரு டப்பிக்கு சார்ஜ் ஏத்துறதுக்கு மட்டும்தான்னு பின்னாடி தெரிஞ்சுச்சு.

அது வைஃபை கேமரா. டப்பி தானே ஒரு வைஃபை விடும், போனை அதுல கனெக்ட் பண்ணி விக்கிறவன் சொல்ற ஆப்பை ஏத்தினா போன்ல படம் வரும், அதுவும் ஒயரைத் திருப்பி ஒரு நொடி கழிச்சுத்தான் படம் திரும்பும். லேப்டாப்பும் அந்த வைஃபைல கனெக்ட் ஆகுது, அது வரைக்கும் சரி, ஆனா படம் வராது, ஏன்னா படத்தை எடுத்துக் காட்டுறது அந்த ஆப்புதான், லேப்டாப்புக்கு அது கிடையாது. உள்ள இருந்த நெட்டும் கட் ஆனதுதான் மிச்சம்.

அந்த விக்கிற பையனுக்குப் போன் போட்டேன். "ஓ லேப்டாப்பாண்ணே, அதுக்கு பிசி வெர்ஷன் கீ தனியா வாங்கணும்ணே, 999"ன்னான். தம்பி நீ சொருகுனா வரும்னுதானே சொன்னேன்னு கேட்டா, "சாஃப்ட்வேர் கம்பெனி வேற அண்ணே, நாங்க கேமரா மட்டும்தான், இது ஒன் டைம்தான், லைஃப் லாங் ஓடும்"னு பழையபடி தேன் ஒழுகப் பேசுறான். கரையில எஞ்சின் இன்ஜெக்டரை உருவினபடி கிடக்கு, ஓனர் வந்து வந்து பாத்துட்டுப் போறாரு, தடை முடிய நாள் நெருங்குது. ஜிபேல 999 அனுப்பினேன். ஆச்சா, மொத்தம் 5,298.

ஒரு லிங்க் வந்துச்சு, இறக்கி ஏத்தினேன், கீ கேட்டுச்சு, போட்டேன், ஸ்கிரீன்ல படம் வந்துருச்சு. இன்ஜெக்டர் ஓட்டைக்குள்ள கேமரா இருக்கு, படத்துல என் மூஞ்சி. நெத்தியில கிரீஸோட என் மூஞ்சி, பின்னாடி ஹெல்பர் பையன் வாயைப் பொளந்துட்டு நிக்கிறான். லேப்டாப்புக்கு மேல உள்ள சொந்த கேமராவைத்தான் அது திறந்து காட்டியிருக்கு, அதை எந்த லேப்டாப்பும் சும்மாவே காட்டும், அதுக்குத்தான் 999. ஓனர் பாத்துட்டு "என்னப்பா பிஸ்டனுக்கு மீசை இருக்கு"ங்குறாரு. சுத்தி நின்ன எல்லாரும் சிரிக்கிறாங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தப் பையனுக்கு அனுப்புனேன். அவன் பதில் என்ன தெரியுமா: "படம் வருதுல்லண்ணே, அப்ப சாஃப்ட்வேர் ஒர்க் ஆகுது."

அதுக்கப்புறம் ஒரு ஒரு கதையா ஆரம்பிச்சுச்சு. கவர்மெண்ட் லேப்டாப்ல ஓடாதுண்ணே அதுல லாக் போட்டிருப்பாங்கன்னான். வேற லேப்டாப்ல போட்டும் வரலைன்னதும் டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்கன்னான், ஒருத்தனும் கூப்பிடல. நானா கூப்பிட்டப்ப ஒரு பொண்ணு எடுத்து "சார் ரிட்டர்ன்னா பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோ வேணும் சார்"ங்குது. அது வரைக்கும் அண்ணனா இருந்தவன் அன்னைக்கு சாரா ஆயிட்டேன். ஏம்மா டப்பா உடைஞ்சு வந்துச்சுன்னா நான் சொல்றேன், நீங்க சொன்ன பொருளே இது இல்லைங்குறேன், அதுக்கு எதுக்கு பிரிக்கிற வீடியோன்னா, "கம்பெனி பாலிசி சார்." வாய்ஸ் மெசேஜை திருப்பி அவனுக்கே அனுப்புனேன், ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. அப்புறம் வேற நம்பர்ல இருந்து ஒருத்தன், ஸ்கிரீன் ஷேர் ஆப்பு ஒண்ணு ஏத்துங்க, நாங்களே உள்ள வந்து சரி பண்ணித் தர்றோம்னான். அதே லேப்டாப்புலதான் அக்கா பையன் அவங்கம்மா பேங்க் கணக்கைப் பாக்குறான், ஏத்தவே மாட்டேன்னுட்டேன். மறுநாள் பாத்தா அந்த விக்கிற பையனோட போட்டோ வாட்ஸ்அப்ல காணோம், மெசேஜ் ஒரு டிக்கோட நிக்குது. பிளாக்.

ராமநாதபுரத்துல தெரிஞ்ச கம்ப்யூட்டர் சர்வீஸ் தம்பிட்ட கொண்டு போனேன். அவன் முதல்ல அந்த விக்கிற பையன் ஏத்தச் சொன்னதைத் தூக்கினான், ஸ்கேன் போட்டான். அப்புறம் கடையில கிடந்த சாதா யுஎஸ்பி வெப்கேமை இந்த கவர்மெண்ட் லேப்டாப்ல சொருகினான், சொருகுன வேகத்துல படம் வந்துச்சு. லாக்காம் லாக்கு. அடுத்து இந்த டப்பியைச் சொருகிட்டு சொருகுன சாமான் பட்டியலைக் காட்டுற டிவைஸ் மேனேஜரைத் திறந்து காட்டினான், கேமரான்னு புதுசா ஒரு வரியும் வரல. அவன் சொன்னதுதான் எனக்கு அப்ப புரிஞ்சுச்சு: யு.வி.சி.ன்னு ஒரு பொது முறை இருக்கு, அந்த முறைல செஞ்ச யுஎஸ்பி கேமராவுக்கு கீயும் வேணாம் சிடியும் வேணாம், விண்டோஸ்ல ஏற்கனவே இருக்குற கேமரா ஆப்பைத் திறந்து, கேமரா மாத்துற பட்டனை அமுக்கினா போதும். லினக்ஸ்லயும் அப்படித்தான். அந்த விளம்பர வீடியோவை அவன்ட்ட காட்டினேன், நிறுத்தி நிறுத்திப் பாத்துட்டு, "அண்ணே இதுல டப்பியே இல்லண்ணே, ஒயரு நேரா லேப்டாப்புக்குப் போகுது, இது வேற கேமரா"ன்னான். காட்டுனது ஒண்ணு, அனுப்புனது ஒண்ணு. தம்பி ஒரு பைசா வாங்கல, டீ வாங்கிக் குடுத்தான் எனக்கு.

1930 சைபர் கிரைம் நம்பருக்குப் போன் பண்ணி 999 விஷயத்தைச் சொல்லியிருக்கேன், கம்ப்ளைன்ட் நம்பர் குடுத்திருக்காங்க. 1915 நுகர்வோர் உதவி நம்பர்லயும் பதிஞ்சாச்சு. ஆன்லைன்ல விக்கிறவன் புகார் வந்தா 48 மணி நேரத்துல கிடைச்சுதுன்னு பதில் சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும்னு 2020லயே ரூல் போட்டிருக்காங்களாம், பேரும் அட்ரஸும் இல்லாதவனை எங்க போய்த் தேட. மாவட்ட நுகர்வோர் கமிஷன்ல 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் கிடையாதுங்குறாங்க, தடை முடிஞ்சு வேலை ஓஞ்சதும் அதையும் பாத்துருவேன், 5,298ஐ விடுறதா இல்ல.

சரி, விவரமா எழுதுறேன்னேன், ஓனர் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாரு, கடைசில ஹெட்டைத்தான் கழட்டணும், அதனால சட்டுன்னு சொல்றேன். லேப்டாப்புக்குன்னா ஒயர் கேமராதான், விக்கிறவன் யு.வி.சி.ன்னு எழுத்துல போடணும், வாய்ல சொன்னா வேணாம். நடுவுல டப்பி இருந்தா வாங்காதீங்க. வீடியோ கால்ல வரச்சொல்லி, அவன் லேப்டாப்போட வைஃபையை ஆஃப் பண்ணிட்டு சொருகிக் காட்டச் சொல்லுங்க, அங்கயே முழிப்பான். 10 மீட்டர் ஒயருன்னு ஆசை காட்டுவாங்க, சாதா யுஎஸ்பி ஒயரு 5 மீட்டருக்கு மேல போனா படம் விட்டு விட்டு வரும், நடுவுல பூஸ்டர் வேணும். தண்ணி எவ்வளவு தாங்கும்னு காட்டுற குறியீடு ஐபி67ன்னு போட்டிருந்தா 1 மீட்டர் தண்ணில அரை மணி நேரம், அதுவும் கேமரா தலை மட்டும்தான், ப்ரொப்பெல்லர் பாக்க கடல்ல விட்றாதீங்க. எஞ்சின் ஆறாம உள்ள விடாதீங்க. கீக்கு காசு கேட்டா கட் பண்ணிருங்க.

இன்னொண்ணு, பேஜு பேரை மாத்தி மாத்தி வர்றானுங்க, ஆனா வீடியோ அதேதான். லேப்டாப்புக்குப் பின்னாடி நீலக்கலர் டைல்ஸ் சுவரு, ஓரத்துல பாதி தெரியுற மாதிரி ஒரு வெள்ளை ஸ்கூட்டி. அந்த வீடியோ உங்க போன்ல வந்தா ரிப்போர்ட் அடிச்சு விடுங்க, பாம்பன், தொண்டி, கீழக்கரை பக்கம் மெக்கானிக் குரூப்ல இருக்குறவங்க இதை அப்படியே தட்டி விடுங்க.