எமரால்டு ஏரிக்கரை மரக் காட்டேஜ்கள்: குளிருக்கு ஓகே, ஈரத்துக்கு இல்லை

ஊட்டியிலிருந்து எமரால்டு போகும் வழியில், ஏரிக்கு மேலே சரிவில் ஏழு காட்டேஜ்கள். கனடா ஏரிக்கரை வீடுகளின் பாணி: பைன் பலகைச் சுவர், இரட்டைக் கண்ணாடி ஜன்னல், செங்குத்தான தகரக் கூரை, இரும்பு விறகடுப்பு. இந்த ஏரியை உருவாக்கிய குந்தா மின்திட்டமே கனடா உதவியோடு வந்ததுதான் என்பதால், ஒருவகையில் பொருத்தம்தான். இருவருக்கு ஓர் இரவு 4,500 ரூபாய். விறகு தனி, கட்டு 300.

குளிரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தாலும், அடுப்பு பற்றிய அரை மணியில் அறை கதகதப்பாகிவிடும்.

சிக்கல் ஈரம். கனடாவின் குளிர்காலக் காற்று காய்ந்தது. இங்கே ஜூனில் தொடங்கும் மழை, மூடுபனி என்று டிசம்பர் வரை விடாது. பைன் பலகை அந்த ஈரத்தைக் குடித்து உப்பும், வெயிலில் சுருங்கும். 3ஆம் எண்ணில் மழைக்காலத்தில் இறுகிய குளியலறைக் கதவை இழைத்துச் சரிசெய்திருக்கிறார்கள். இப்போது கொண்டிப் பக்கம் விரல் நுழையும் இடைவெளி, தாழ்ப்பாளும் எட்டவில்லை. இதைவிட மோசம், கீழ் வரிசை மூன்றிலும் அடி உத்தரம் நேராக மண்மேல் கிடக்கிறது. சாவி முனையால் குத்தினால் கால் அங்குலம் உள்ளே போகிறது. அலமாரியில் பூஞ்சை வாடை. மேல் வரிசை நான்கும் ஒன்றரை அடி கல் மேடையில் நிற்கின்றன, அடியில் காற்று ஓடுகிறது. கேட்டு வாங்க வேண்டியது அதைத்தான்.

விறகைப் பார்த்து வாங்குங்கள். கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம்) கலந்து தருகிறார்கள். இரண்டு துண்டைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், முனையில் வெடிப்பு தெரிய வேண்டும். தொப்பென்றால் ஈரம், பத்து நிமிடத்தில் அடுப்புக் கண்ணாடி கறுக்கும், புகைபோக்கியில் தார் படியும். புகைபோக்கியின் தடுப்புத் தகட்டை முழுக்க மூடாதீர்கள், ஜன்னலை இரண்டு விரல் திறந்தே வையுங்கள். கூடுதல் சூடு கேட்டால் சட்டியில் கரி நெருப்பு கொண்டுவருவதாகச் சொல்கிறார்கள். கண்டிப்பாக வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

கீசர் 15 லிட்டர். விளாவிக் குளித்தால் இரண்டு வாளி, அடுத்தவர் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும்.

'லேக் வியூ' விளம்பரத்தை மாதம் பார்த்து நம்புங்கள். இது மின்வாரிய நீர்த்தேக்கம். மழை முடிந்த கையோடு வந்தால் தண்ணீர் தளும்பும். கோடையில் மின் உற்பத்திக்குத் தண்ணீர் எடுக்க எடுக்க மட்டம் இறங்கி, ஜன்னலுக்கு நேரே செம்மண் கரைதான் தெரியும். கரை வழுக்கும், சட்டென்று ஆழம். தண்ணீரில் இறங்கக் கூடாது.

சாப்பாடு நன்று. அவரைக்கொட்டைக் குழம்பும் ராகிக் களியும் காலையிலேயே சொல்லிவைத்தால் இரவுக்குக் கிடைக்கும். ஆனால் சாப்பாட்டுக்கூடம் நூறடி தள்ளி, வழியில் ஒரே ஒரு விளக்கு. இருட்டினால் புல்வெளிக்குக் காட்டெருமை வரும் இடம் இது. அதனால் ஏழு மணிக்குள் சாப்பிடுங்கள், அல்லது அறைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். மிச்சத்தை வராந்தாவில் வைத்தால் கரடி வரும். மூடியுள்ள தொட்டி இல்லாதது நிர்வாகத்தின் தவறு.

நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயம், கிளம்புமுன் எடுத்துவிடுங்கள். மழை ஓய்ந்ததும் ஜனவரி முடிய, மேல் வரிசை கிடைத்தால் 4,500 தகும். கீழ் வரிசைக்குப் பாதி விலை சொன்னாலும் வேண்டாம்.