கே20, கே21 கோடுங்களோட குடும்பம் நடத்தின அனுபவம்

நான் மெடிக்கல் கோடர், டாக்டர் நோட்டைப் படிச்சு இன்ஷூரன்ஸ் க்ளெய்முக்கு நோய்க் கோடு போடறவன். ஈடி (எமர்ஜென்சி) சார்ட்ல இருந்த ஃப்ரெண்டை ஜிஐ (வயிறு, குடல்) டீமுக்கு மாத்துறாங்களாம். "மச்சி, ஈசோஃபேஜைட்டிஸ் எல்லாம் ஈசிதானே?"ன்னு மெசேஜ் போட்டான் (ஈசோஃபேஜைட்டிஸ்னா உணவுக்குழாய் அழற்சி). பதில் டைப் பண்ணப் பண்ண நீண்டுகிட்டே போச்சு, சரி மத்தவங்களுக்கும் சேர்த்தே எழுதிடறேன்.

ஐசிடி-10-சிஎம் நோய்க் கோடு லிஸ்ட்ல கே20-ன்னா உணவுக்குழாய் அழற்சி, கே21-ன்னா ஜெர்டு (வயித்து ஆசிட் மேல ஏறி வர்ற ரிஃப்ளக்ஸ் நோய்). அதுக்கு மேல பாடம் எடுக்கப் போறதில்ல, சிபிசி (கோடர் சர்டிஃபிகேட் பரீட்சை) எழுதினவங்களுக்கு அது தெரியும். 2020 அக்டோபர் 1-ல ப்ளீடிங் இருக்கா இல்லையான்னு இன்னொரு இலக்கம் சேர்த்தாங்களே, கே21.0 (ஜெர்டோட அழற்சி) போய் கே21.00 (ப்ளீடிங் இல்ல), கே21.01 (ப்ளீடிங் இருக்கு)-ன்னு ஆச்சே, அதுக்கப்புறம் இந்தக் கோடுங்களோட பழகின அனுபவம்தான் இது.

பேஷண்ட்டுக்கு நெஞ்செரிச்சல், எனக்கு வயித்தெரிச்சல். காரணம் எல்ஏ கிரேட், அதாவது அழற்சி எவ்வளவு மோசம்னு ஏ-ல இருந்து டி வரைக்கும் போடற அளவு. எண்டோஸ்கோபி நோட்டைத் திறந்தா டாக்டர் அழகா எழுதியிருப்பாரு, மியூகோசல் ப்ரேக் (உள்தோல் கீறல்) 5 மில்லிமீட்டருக்குள்ள, கிரேட் ஏ. அடுத்த சார்ட்ல உணவுக்குழாயோட சுத்தளவுல முக்கால்வாசிக்கு மேல புண்ணாகி கெடக்கு, கிரேட் டி. ஸ்கோப் பண்ணவர் போட்டோ எல்லாம் எடுத்து, எத்தனை சென்டிமீட்டர்ல ஆரம்பிக்குதுன்னு கூட எழுதி வச்சிருக்காரு. நான் போடறது? ரெண்டுக்கும் கே21.00. கீறல் விழுந்தவனும் வெந்து போனவனும் ஒரே கோடு! ஸ்பெசிஃபிசிட்டி ஸ்பெசிஃபிசிட்டின்னு ட்ரெயினிங்ல தொண்டை கிழிய கத்துறாங்க, இருக்கற ஒரே உருப்படியான ஸ்பெசிஃபிசிட்டிய வைக்க இடமே இல்ல.

இதுல என்ன போச்சுன்னு கேட்கலாம். போகுது. கிரேட் சி, டி-ன்னா பிபிஐ (ஆசிட் குறைக்கற) மாத்திரை கொடுத்து ஆற வச்சுட்டு திரும்ப ஒரு தடவை ஸ்கோப் விட்டு பார்ப்பாங்க, அடியில பேரட்ஸ் (உணவுக்குழாய் உள்தோல் மாறிப் போற நிலை) ஒளிஞ்சிருக்கான்னு தெரியணும்ல, புண்ணு இருக்கறப்போ அது சரியா தெரியாது. அந்த ரெண்டாவது ஸ்கோப்புக்கு க்ளெய்ம் போறப்போ இன்ஷூரன்ஸ்காரன் கண்ணுக்குத் தெரியறது அதே கே21.00 தான். "எதுக்கு மறுபடியும்?"னு டினையல் அடிப்பான் (பணம் தர மாட்டேன்னுவான்), அப்பீல் டீம் பழைய நோட்டை எல்லாம் தோண்டி எடுத்து அனுப்பணும். கோடுலயே ஒரு இலக்கம் இருந்திருந்தா இந்தக் கூத்து பாதி குறைஞ்சிருக்கும்.

சரி, ப்ளீடிங்குக்காவது இலக்கம் கொடுத்தாங்களே, அது ஒழுங்கா போகுதான்னா அதுவும் இல்ல. டாக்டர் ஒண்ணும் எழுதலன்னா 'வித்தவுட் ப்ளீடிங்'தான், அதுல சண்டை இல்ல. சண்டை எங்கன்னா, இண்டிகேஷன்ல (எதுக்கு ஸ்கோப்புன்னு எழுதற இடம்) மெலீனா (ரத்தம் கலந்த கறுப்பு மலம்), ஃபைண்டிங்ஸ்ல எல்ஏ கிரேட் சி, கூடவே வயித்துல ஒரு அல்சர், எதுலயும் ரத்தம் கசியல, இம்ப்ரஷன்ல ரெண்டும் வரிசையா இருக்கு. ரத்தம் எங்க இருந்து வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கிடையாது. ஒரு க்யூஏ (கோடு சரிபார்க்கறவர்) கே21.01-ங்கறார், இன்னொருத்தர் கே25.4 (வயித்து அல்சர்ல ப்ளீடிங்)-ங்கறார், சைடுல மெலீனாவுக்கு கே92.1 போட்டு தப்பிக்கலாமான்னு ஒருத்தன். டாக்டருக்கு க்யூரி போட்டோம், எது ரத்தம் வந்த இடம்னு தெளிவா கேட்டு. நாலு நாள் கழிச்சு பதில் வந்துச்சு: "அக்ரீ". எதோட அக்ரீ சாமி!

நல்லது சொல்லாம போனா பாவம். இந்தக் கோடுங்கள்ல எனக்கு நிஜமாவே பிடிச்சது அந்த 'வித்' ரூல். ஹிஸ்டரில ஜெர்டு, இம்ப்ரஷன்ல ஈசோஃபேஜைட்டிஸ், நடுவுல "டியூ டு" இல்லன்னாலும் இண்டெக்ஸ்ல ஜெர்டுக்கு கீழ 'வித் ஈசோஃபேஜைட்டிஸ்' இருக்கறதால, டாக்டர் சம்பந்தம் இல்லன்னு எழுதாத வரைக்கும் நேரா கே21.00. க்யூரி வேண்டாம், ப்ரொடக்ஷன் அடி வாங்காது. மாத்திரை தொண்டைக்குக் கீழ சிக்கி அழற்சியான கேஸும் ஜாலியா இருக்கும், டாக்ஸிசைக்ளின்னு பேர் எழுதிட்டா போதும், கே20.80 (மத்த வகை அழற்சி, ப்ளீடிங் இல்ல) முதல்ல, டி36.4எக்ஸ்5ஏ (அந்த மருந்தால வந்த பாதிப்பு) பின்னாடி, முடிஞ்சது.

இஸினோஃபிலிக் ஈசோஃபேஜைட்டிஸ் (ஈஓஈ, இஸினோஃபில்ங்கற வெள்ளணு சேர்ந்து வர்ற அழற்சி) கே20.0 இன்னும் சுத்தம், அதுக்கு ப்ளீடிங் இலக்கமே வைக்கல. ஆனா அவுட்பேஷண்ட்ல பொறுமை வேணும். ரிங்ஸ் (வளையம்), ஃபர்ரோஸ் (நீளப் பள்ளம்), "சஸ்பெக்டட் ஈஓஈ"ன்னு எழுதியிருந்தா வெறும் சந்தேகத்துக்கு கே20.0 போட முடியாது, விழுங்க முடியலங்கற ஆர்13.10 தான் கைல நிக்கும். பயாப்ஸி ஃபைனல் ரிப்போர்ட் வந்து பேத்தாலஜிஸ்ட் ஈஓஈ-ன்னு எழுதினா அப்போ கே20.0. டாட் (சார்ட் முடிக்கற கெடு) சீக்கிரம் முடியணும்னு ரிப்போர்ட்டுக்கு வெயிட் பண்ணாம அனுப்பச் சொல்ற மேனேஜரை என்ன பண்றதுன்னு கைட்லைன்ல இல்ல.

இவ்வளவு திட்டறேன்ல, கார்டியாலஜிக்கு மாத்துறோம்னு கேட்டப்போ முடியாதுன்னுட்டேன். ஜிஐ நோட்டுல படிக்க விஷயம் இருக்கு, கை பழகிடுச்சுன்னா வேகமும் வரும். போன வாரம் கேட்டிருந்தா 5-க்கு 4 கொடுத்திருப்பேன். இன்னிக்கு அந்த ரிபீட் ஸ்கோப் டினையல் ஒண்ணு திரும்ப வந்து நிக்குது, அதனால 2.

மச்சி, நீ வர்றதா இருந்தா என்கோடர் (கோடு தேடித் தர்ற சாஃப்ட்வேர்) காட்டறத அப்படியே க்ளிக் பண்ணாம கே20-க்கு கீழ இருக்கற எக்ஸ்க்ளூட்ஸ்1-ஐ (கூடவே போடக் கூடாத கோடுங்க லிஸ்ட்) ஒரு தடவை முழுசா படிச்சுட்டு வா. எரோஷன்னு பார்த்தா அது கே22.1 (உணவுக்குழாய் அல்சர்) பக்கம், ரிஃப்ளக்ஸ்னு பார்த்தா கே21.0 பக்கம், ரெண்டும் ஒரே வரியில இருந்தா என்னைக் கூப்பிடு, நைட் ஷிப்ட்லதான் இருப்பேன்.