விஆர்எம், ஹோம் அசிஸ்டென்ட்: பல நிறுவனக் கருவிகளை ஒரே இடத்தில் பார்க்க எது?

கூரைச் சோலார் பலகைகளுக்கு ஃபுரோனியஸ் நிறுவன இன்வெர்ட்டரும் பேட்டரிக்கு விக்ட்ரான் நிறுவனக் கருவியும் உள்ள வீட்டில், முன்னதில் மோட்பஸ் டிசிபி என்ற தரவுப் பரிமாற்ற முறையை இயக்கிவிட்டால், விக்ட்ரானின் கண்காணிப்புப் பெட்டியான செர்போ ஜிஎக்ஸ் அதை வீட்டு நெட்வொர்க்கிலேயே கண்டறிந்து, இரண்டின் கணக்கையும் விக்ட்ரானின் இணையக் கண்காணிப்புத் தளமான விஆர்எம்மில் கட்டணமின்றி ஒரே பக்கத்தில் காட்டிவிடுகிறது. இணையம் அறுந்தால், தரவைச் சேமித்து வைத்துப் பின்னர் அனுப்புகிறது. இத்தகைய வீட்டுக்கு இதுவே போதும் என்பேன். விக்ட்ரான் ஏற்காத இன்வெர்ட்டர் சேர்ந்தாலோ, தனி மீட்டர் பொருத்தினால்தான் அதன் உற்பத்தி தெரியும்.

அங்கே, வீட்டுக் கருவிகளை ஒன்றிணைக்கும் மென்பொருளான ஹோம் அசிஸ்டென்ட்டே மேல். 2021 ஆகஸ்டில் அதில் வந்த எனர்ஜி டாஷ்போர்டு என்ற மின்கணக்குப் பக்கம் பல நிறுவனக் கருவிகளையும் ஒன்றாக ஏற்கிறது. உழைப்புதான் அதிகம்: ஒரு கருவி கிலோவாட் அளவை மட்டுமே தந்தால், அதை நேரத்தோடு தொகுத்துக் கிலோவாட்-மணியாக்கும் மென்பொருள் சென்சாரை நாமே அமைத்த பிறகுதான் வரைபடத்தில் அதன் பட்டை எழும்.