அரசு ஆஸ்பத்திரியா, தனியார் மையமா, என்.ஏ. கூட்டமா? போதையிலிருந்து மீள முதலில் எங்கே போவது

பையன் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறான் என்று தெரிந்ததும், திருப்பூர், ஈரோடு பக்கத்து வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு யாருங்க பொண்ணு குடுப்பாங்க?" என்பதுதான். அந்தப் பயத்திலேயே பலர் கடன் வாங்கி, தொலைவில் உள்ள தனியார் மையத்தில் சேர்த்துவிடுகிறார்கள். நான் முதலில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குத்தான் போகச் சொல்வேன்.

முதல் வாரம் உடம்பு படுத்தும் பாட்டுக்கு மருத்துவர் பக்கத்தில் வேண்டும். டாபென்டடால் போன்ற வலி மாத்திரையை நிறுத்தினால் உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமே இல்லாத இரவுகள். குடியும் சேர்ந்திருந்தால் இன்னும் ஆபத்து. திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்போ பிதற்றலோ வந்து உயிரே போகலாம். கோவை, சேலம், பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்குச் செலவில்லாமல் சிகிச்சை உண்டு. போதை மீட்புக்கென 2025-ல் மாநிலம் முழுக்க 25 'கலங்கரை' மையங்களையும் அரசு திறந்திருக்கிறது. குறை என்றால் கூட்டம்தான். வரிசையில் நின்றால் தறிப்பட்டறைக்காரருக்கு ஒரு நாள் கூலி போய்விடும், மருத்துவரிடம் நிதானமாகப் பேசவும் நேரம் கிடைக்காது.

தனியார் மையத்தில் அந்த நேரம் கிடைக்கும், பழைய சேர்க்கையிலிருந்தும் ஆளைப் பிரிக்கலாம். சரி, ஆனால் சேர்ப்பதற்கு முன் 2017 மனநலச் சட்டப்படி பதிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் வருகிறாரா, வீட்டார் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டமே தடை செய்கிறது. "ராத்திரி வண்டி அனுப்பித் தூக்கிட்டு வந்துருவோம்" என்று சொல்லும் இடத்தின் வாசலை மிதிக்கவே வேண்டாம்.

வெளியே வந்த பிறகு என்ன செய்வார்கள் என்பதையும் கேளுங்கள். சில வாரம் நிறுத்தியதும் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். வீடு திரும்பியவன் பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுபோகலாம். உயிர் போகும் ஆபத்து கூடுவது இந்த இடத்தில்தான். அதனால் ஓபியாய்டு, அதாவது டாபென்டடால், ஹெராயின் போன்ற அபின் வகைப் பழக்கத்துக்கு, நாக்கடியில் வைக்கும் பியூப்ரினார்ஃபின் மாத்திரையை மருத்துவர் மேற்பார்வையில் பல மாதம் தொடர்வது நல்லது.

போதையிலிருந்து மீள்பவர்களே ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் என்.ஏ. எனப்படும் நார்காட்டிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் 1953-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கியவை. கட்டணம் கிடையாது, நிறுத்தும் விருப்பம் போதும். மருந்து தருவதில்லை என்பதால் முதல் வாரத்துக்கு உதவாது. அப்புறம் வரும் வருடங்களுக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ஆசை எழும்போது, அதே பாடு பட்ட ஒருவரைக் கூப்பிட்டுப் பேசலாம்.

போதையை விடவைக்கும் என்று சொல்லி விற்கும், சாப்பாட்டில் அவனுக்குத் தெரியாமல் கலக்கும் பொடி மட்டும் வேண்டாம்.

போலீஸ் பயத்தால் தயங்குகிறவர்களுக்கு: போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவுப்படி, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்தால் விலக்குப் பெறலாம். பாதியில் விட்டால் அது ரத்தாகலாம். எங்கே போவது என்று கேட்க 14446, மனம் உடைந்த நேரத்தில் பேச 14416. இரண்டுக்கும் காசு கிடையாது.